15 வருடம் நூலகர், இனி எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வி: தாம்பரம் நூலகி
தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 15 வருடமாக நூலகராக இருக்கிறேன். எம்.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் முதுகலை) படித்தபோது, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ட்யூயி எண் போடவும், ஏஏசிஆர்-2 என்ற பட்டியலிடும் விதிப்படி அட்டை எழுதவும் நன்றாகவே பழகினேன். போன வாரம் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி ஓர் இதழின் இணையப் பக்கத்தைக் காட்டி, “மேடம், நம்பகமான இதழ்களைச் சொல்ற யூஜிசி கேர் பட்டியலை நிறுத்திட்டாங்களே, இது போலியா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது?” என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஏழெட்டுப் பயிற்சிச் சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன், ஆனால் ஒன்றும் கைகொடுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். எதில் செலவிடலாம்?

பதில்: மடிப்பாக்கம் வாசகன்
அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் நூலக அறிவியல் பாடங்கள் இருக்கின்றன. கல்லூரி நூலகங்களுக்கு உதவும் இன்ஃபிளிப்நெட் மையத்தின் பயிற்சி அறிவிப்புகளையும் பாருங்கள்.

பதில்: மாம்பலம் பட்டியலர்
மேடம், முதலில் அந்த மாணவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்த இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (இதழ்களுக்கான அடையாள எண்) அதற்கான தளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) சரியாகத் திறக்கிறதா? ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைச் சொல்லியிருக்கிறார்களா? இந்த வாரத்து இரண்டு மணி நேரத்துக்கு இதுவே போதும்.

நான் கற்றதெல்லாம் இப்படி வேலையில் மாட்டிக்கொண்டுதான். எங்கள் நூலகத்தைக் கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாற்றியபோது, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் ஏற்றியிருந்த தமிழ்த் தலைப்புகள் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்துகளாக வந்து நின்றன. அலமாரியில் இருக்கும் புத்தகத்தையே பிள்ளைகள் தேடி எடுக்க முடியவில்லை. வீட்டுக் கணினியில் தனியாக ஒரு கோஹா நிறுவி, 50 பதிவுகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி ஏற்றி, கெடுத்து, மறுபடி ஏற்றிப் பார்த்தேன். நூல் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தில் தலைப்புக்கு 245ஆம் புலம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அப்போதுதான் புரிந்தது.

தெரியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதனுக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வேலையில் சேர்ந்த பிறகுதான் லண்டன் போய்ப் படித்தார்.

தாம்பரம் நூலகி
ரொம்ப நன்றி சார். இன்று மாணவியோடு உட்கார்ந்து பார்த்தேன். நான்கு டிஓஐ எண்களில் மூன்று திறக்கவே இல்லை. ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அவளே மின்னஞ்சல் எழுதிக் கேட்டிருக்கிறாள். அப்புறம், நானும் கோஹா நிறுவிப் பார்க்க ஆசைப்படுகிறேன். மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது, போதுமா?

மாம்பலம் பட்டியலர்
விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினியாகப் போட்டால் திணறும். நூலகத்தில் சும்மா கிடக்கும் பழைய கணினி இருந்தால் அதில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை நேரடியாக ஏற்றுங்கள். சனிக்கிழமை என்றால் நானே மின்சார ரயிலில் வந்து கூட உட்காருகிறேன்.