ஏற்காடு எஸ்டேட்டுக்குள்ள நடந்துகிட்டே பாக்கற நாடகமாம், ஆளுக்கு 800 ரூபா, போலாமா?

அம்மாபேட்டை கவி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்டுக்குள்ள நாடகம் போடறாங்கன்னு வாட்சப்ல போஸ்டர் வந்துச்சு. புதுச்சேரியில இருந்து வர்ற குரூப். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. சாயங்காலம் அஞ்சரைக்கு எஸ்டேட் கேட்டுல ஆரம்பிச்சு நடிகருங்க முன்னாடி போவாங்களாம், நாம பின்னாடியே போகணுமாம், அங்கங்க நின்னு ஒரு காட்சி, மறுபடி நடை, அப்படியே இருட்டி எட்டு மணிக்கு முடியும்னு போட்டிருக்கு. கதை பாஞ்சாலியோட வனவாசம். வசனம் ரொம்ப கம்மி, போனை கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க.

எனக்கு போகணும்னு ரொம்ப ஆசை. சேலத்துல இந்த மாதிரி ஒண்ணு வர்றதே அபூர்வம், வந்தாலும் முடிஞ்சப்புறம்தான் நமக்கு தெரியுது. ஆனா எங்க வீட்டுக்காரர் நாலு பேருக்கு 3200, அதுக்கு மேல வண்டி செலவு, ராத்திரி கொண்டை ஊசி வளைவுல இறங்கணும், அங்க போயி புரியலைன்னா என்ன பண்றதுன்னு கேக்கறார், அவர் கேக்கறதும் நியாயம்தான். எங்க அம்மா ஜலகண்டாபுரம் பக்கம் பொறந்து விடிய விடிய கூத்து பாத்து வளந்தவங்க, பாரதக் கதைன்னதும் நானும் வரேன்னு சொல்லிட்டாங்க, ஆனா அவங்களுக்கு முட்டி வலி. பொண்ணுக்கு ஒம்பது வயசு. இந்த மாதிரி நாடகம் பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ஒரு நாடகம் நல்லா இருக்குமா இருக்காதான்னு போறதுக்கு முன்னாடியே எதை வச்சு முடிவு பண்றீங்க?

ஓமலூர் கூத்துரசிகன்:

கண்டிப்பா போங்க கவி. மேடை இல்லாம நடந்து பாக்கறதுன்னா என்னமோ வெளிநாட்டு சரக்குன்னு வீட்ல பயப்படறாங்க போல, உங்க அம்மாவையே கேளுங்க அவங்களே சொல்லுவாங்க. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வைக்கற ஊர்ல பகாசுரன் கதை அன்னிக்கு பீமன் வேஷக்காரர் வண்டியில ஏறி தெருத்தெருவா வருவார், வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் கொண்டாந்து குடுப்பாங்க, சின்னப் பசங்க எல்லாம் வண்டி பின்னாடியே ஓடுவாங்க. அர்ச்சுனன் தபசுன்னா உசரமான தபசு மரம் நட்டு அதுல ஆள் பாடிக்கிட்டே ஏறி மேல இருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார், கொழந்தை வரம் கேக்கற பொம்பளைங்க ஈரச்சேலையோட கீழ காத்திருப்பாங்க. கடைசியில படுகளம். துரியோதனனை அவ்ளோ நீளத்துக்கு மண்ணுலயே பண்ணி படுக்க வச்சிருப்பாங்க, பீமன் தொடையில அடிச்சதும் பாஞ்சாலி அந்த ரத்தத்தை எடுத்து கூந்தல் முடிவா, அந்த நேரத்துல ஊர் சனமே அந்த மண்ணைச் சுத்தி நிக்கும். பாக்கறவங்க யாரு நடிக்கறவங்க யாருன்னு பிரிக்க முடியாது. கூத்து மேடையில ஆடினாலும் கோமாளி நேரா கூட்டத்தைப் பாத்து இந்த வருசம் மழை எப்படின்னு பேசுவான், பொம்பளை வேஷத்தை ஆம்பளை கட்டி ஆடுவார், யாருக்காவது புரியலைன்னு இருந்துச்சா?

அதனால உங்க அம்மாவுக்கு புரியாதுங்கற கவலையே வேண்டாம், நம்மளவிட அவங்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும். திரை பிடிச்சு அதுக்குப் பின்னாடி காலு மட்டும் தெரிய வேஷம் வந்து நிக்கறதைப் பாத்தே அது யாருன்னு சொல்ற கண்ணு அது.

ஒண்ணு மட்டும் விசாரிங்க. அந்த நடிகருங்கள்ல யாராவது கூத்து வாத்தியாருங்ககிட்ட முறையா பழகினவங்களான்னு கேளுங்க. நம்ம மாவட்டத்துல கூத்துக்காரங்க இன்னும் இருக்காங்க, தோல்பாவை, கட்டை பொம்மலாட்டம் ஆடறவங்களும் இருக்காங்க. மேட்டூர் பக்கம் ஏர்வாடியில மணல்வீடு இதழ் நடத்தற மு. ஹரிகிருஷ்ணன் களரிங்கற அமைப்பு மூலமா அவங்களை எல்லாம் அழைச்சு ஆட வச்சு கௌரவம் பண்ணிட்டு வர்றார். சேலம் மண்ணுல வந்து பாஞ்சாலி கதை ஆடறவங்க இதை ஒரு தடவையாவது உக்காந்து பாத்திருக்கணும்ங்கறது என்னோட எண்ணம்.

சூரமங்கலம் வாசகி:

கூத்துரசிகன் சொன்னதுல பாதிக்கு நான் உடன்படறேன், மீதிக்கு இல்ல. பாரதக் கூத்துல பீமன் தெருவுல வர்றான்னா அதுக்கு காரணம் இருக்கு, அந்தக் கதையிலயே ஊர் தான் அசுரனுக்கு சோறு குடுக்கணும், அதனால தெரு இல்லாம அந்தக் காட்சியே கிடையாது. இப்ப வர்ற எல்லா நாடகத்துலயும் அந்தக் காரணம் இருக்கறதில்ல. நான் சென்னையில இருந்தப்ப ஒரு பழைய வீட்டுக்குள்ள ரூம் ரூமா கூட்டிட்டுப் போயி காட்டற நாடகம் ஒண்ணுக்குப் போனேன், யாரு போட்டாங்கன்னு சொல்ல விரும்பல. அஞ்சாறு ரூம்லயும் ஒருத்தர் சுவத்தைப் பாத்து நின்னு பேசினாங்க. அந்த வீடு யாரோடது, அங்க என்ன நடந்துச்சு, நாங்க ஏன் அங்க நிக்கறோம், எதுவுமே கடைசி வரைக்கும் இல்ல. அதையே ஒரு சாதாரண அரங்கத்துல போட்டிருந்தா ஒரு குறையும் வந்திருக்காது, உக்காந்தாவது பாத்திருப்போம். எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் போகல, ஏன்னா என் கூட வந்தவங்க அதுக்கப்புறம் எந்த நாடகத்துக்குக் கூப்பிட்டாலும் வர்றதே இல்ல. ஒரு மோசமான புது முயற்சி அடுத்து வர்ற பத்து நல்ல முயற்சிக்கு ஆள் வராம பண்ணிருது.

அதனால கவி, நான் இப்பல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். இதையே சேலம் நேரு கலையரங்கத்துல போட்டா என்ன குறையும்? குரூப்புக்கே போன் போட்டு இதைக் கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க. அந்த எஸ்டேட்ல எங்க எந்தக் காட்சி, ஏன் அங்கன்னு அவங்களால ரெண்டு நிமிசம் தெளிவா பேச முடிஞ்சா 800 குடுக்கலாம். வித்தியாசமான அனுபவம், உணருங்கள்னு மட்டும் சொன்னா விட்டுருங்க.

புதுசுங்கறதுக்காக சந்தேகப்படறது என் நோக்கம் இல்ல. ந. முத்துசாமி சென்னையில கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவை ஆரம்பிச்சது 1977ல, புரிசை கண்ணப்பத் தம்பிரான் மாதிரி பெரிய கூத்துக் கலைஞருங்ககிட்ட இருந்து அவங்க நடிகருங்க கத்துக்கிட்டாங்க, எத்தனை வருச பயிற்சி அது. 1980ல வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னை பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துல வந்து நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினப்புறம்தான் தமிழ்நாட்டுல பல குழுங்க மேடையை விட்டு இறங்கி தெருவுல, மைதானத்துல நடிக்க ஆரம்பிச்சாங்க, அவர் மேடையை விட்டதுக்கும் காரணம் இருந்துச்சு. டிக்கெட், செட்டு, லைட்டுன்னு இல்லாம சனங்க இருக்கற இடத்துக்கே நாடகம் போகணும்னு நினைச்சவர் அவர். அதை யோசிச்சா 800 ரூபா டிக்கெட் வச்சு மலை மேல நடத்தறது எனக்கு கொஞ்சம் நெருடலாத்தான் இருக்கு. ஆனா நடிகருங்களும் சாப்பிடணும், சின்னக் கூட்டத்துக்கு மட்டும் போடறப்ப செலவு எப்படி ஈடாகும்ங்கறதும் புரியுது.

மஞ்சக்குட்டை எஸ்டேட்காரன்:

நாடகம் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாதுங்க, ஆனா இடத்தைப் பத்தி சொல்றேன் ஏன்னா அதை யாரும் பேசல. பிப்ரவரியில இங்க ஆறே காலுக்கு மேல சூரியன் இறங்கிரும், சில்வர் ஓக் மரத்துக்கு அடியில அதுக்கு முன்னாடியே இருட்டு கட்டும், குளிரும் அப்பவே ஆரம்பிச்சிரும், சேலத்துல இருந்து வர்றவங்க சட்டையோட வந்து நடுங்கறதை தினமும் பாக்கறோம். காபி எஸ்டேட் பாதைன்னா சமதரை கிடையாது, காஞ்ச இலை மேல கால் வழுக்கும், செடிக்கு ஊடால போற ஒத்தையடிப் பாதையில வேர் துருத்திக்கிட்டு நிக்கும். அம்மாவுக்கு முட்டி வலின்னா ஏத்தத்தை விட இறக்கம்தான் கஷ்டம். ஜீப் போற பாதையிலயே முழுசா நடக்குதா இல்ல செடிக்குள்ள இறங்குதான்னு கேளுங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

அப்புறம் காட்டு மாடு. சேர்வராயன் மலையில இப்ப எஸ்டேட்டுக்குள்ளயே சாதாரணமா வருது, அதுவும் பொழுது சாயற நேரத்துலதான். நாடகக்காரங்க எஸ்டேட் ஆளுங்களை முன்னாடியும் பின்னாடியும் டார்ச்சோட போட்டிருக்காங்களான்னு கேக்காம பொண்ணைக் கூட்டிட்டு வராதீங்க. போனை வாங்கி வைக்கறாங்கன்னா யாரோ ஒருத்தர்கிட்டயாவது போன் இருக்கணும், அதையும் கேளுங்க. திரும்பறப்ப 20 கொண்டை ஊசியும் ராத்திரியில இறங்கணும், மூடுபனி இருந்தா முன்னாடி போற வண்டி லைட்டு கூட தெரியாது, பழக்கமில்லாத டிரைவர்னா அன்னிக்கு ராத்திரி இங்கயே தங்கிட்டு காலையில இறங்கறது நல்லது. பஸ்ல வர்றதா இருந்தா எட்டு மணிக்கு மேல என்ன பஸ் இருக்குன்னு முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க.

இவ்ளோ சொல்றேன்னு போகாதீங்கன்னு அர்த்தம் இல்ல. பொழுது சாயறப்ப இந்த மரத்துக்கு நடுவுல வனவாசக் கதை நடக்குதுன்னா எனக்கே பாக்கணும்னு தோணுது. நாங்க தினம் பாக்கற இடம்தான், இருந்தாலும்.

அம்மாபேட்டை கவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நேத்து குரூப்புக்கு போன் போட்டு நீங்க சொன்னதை எல்லாம் கேட்டேன். ஒரு பொண்ணுதான் பேசுச்சு, வாசகி அக்கா சொன்ன அந்தக் கேள்வியை கேட்டதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அரங்கத்துல போட்டா இருட்டறது குறையும்னு சொல்லுச்சு. பாண்டவங்க காட்டுக்குள்ள போகப் போக வெளிச்சம் நிஜமாவே குறையணும், பாஞ்சாலி பேசறதும் குறைஞ்சுகிட்டே வரும், கடைசி காட்சியில அவ குரல் மட்டும்தான் கேக்கும், அதுக்காகத்தான் அஞ்சரைக்கு ஆரம்பிக்கறோம், மேகம் மூடினா அரை மணி முன்னாடியே ஆரம்பிச்சிருவோம்னு விளக்கமா சொன்னாங்க. எனக்கு அதுலயே மனசு நெறைஞ்சிருச்சு. நடிகருங்கள்ல ரெண்டு பேரு கூத்துக் குடும்பத்துப் பசங்களாம். எஸ்டேட் ஆளுங்க நாலு பேரு டார்ச்சோட கூட வருவாங்களாம், ஆனா கடைசிப் பகுதி செடிக்குள்ள இறங்குதாம், முட்டி வலி இருக்கறவங்க வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

அதனால நானும் பொண்ணும் வீட்டுக்காரரும் போறோம், ராத்திரி அங்கயே தங்கிக்கறோம். அம்மாகிட்ட சொன்னப்ப அவங்களுக்கு வருத்தம்தான். பாஞ்சாலி கதையை என்னை விட்டுட்டு பாக்கப் போறியான்னு கேட்டாங்க, அது எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. கூத்துரசிகன் அண்ணா, பங்குனி சித்திரையில ஓமலூர், மேச்சேரி பக்கம் எங்க பாரதம் வைக்கறாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க, கார் கிட்டக்கவே போற மாதிரி இடமா இருந்தா நல்லது. அவங்களை நாற்காலி போட்டு உக்கார வச்சு முழுசா காட்டணும்.

ஓமலூர் கூத்துரசிகன்:

சந்தோசம்மா. தேதி எல்லாம் கோயில்ல கூடிப் பேசினப்புறம்தான் முடிவாகும், தெரிஞ்சதும் இங்கயே போடறேன். அம்மாவுக்கு கம்பளி எடுத்துட்டு வாங்க, விடியக்காலையில பனி இறங்கும். கர்ண மோட்சமா துகிலுரிதலா எது பாக்கணும்னு மட்டும் அவங்ககிட்ட கேட்டு சொல்லுங்க, எதுவா இருந்தாலும் விடிய விடிய உக்கார வேண்டியிருக்கும், நடுவுல எழுந்து போக அவங்களுக்கே மனசு வராது. ஏற்காடு போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, அந்த ரெண்டு பசங்க யாரு வீட்டுப் பிள்ளைங்கன்னும் கேட்டுட்டு வாங்க.