யான்மார் 2ஜிஎம்20எஃப்: ஏரிக்குள் அரை மணித்தியாலம் ஓடினதும் நின்றுபோகுது

கொண்டல்:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோ ஏரியில், ஸ்காபரோப் பக்கம் கட்டியிருக்கிற 30 அடி குடும்பப் பாய்ப்படகு. 1986இல் கட்டினது, யான்மார் டீசல் எஞ்சினும் அந்தக் காலத்ததுதான். அலுமினியத் தாங்கி, 80 லீட்டர்.

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் வரும். மரினாவில் கட்டிவைத்து நியூட்ரலில் விட்டால் எவ்வளவு நேரமும் ஓடும். ஏரிக்குள் 2600 ஆர்பிஎம்மில் 25, 30 நிமிடம் போனதும் சத்தம் ஏறி இறங்கி, 1800க்கு விழுந்து நின்றுவிடும். பத்து நிமிடம் பொறுத்துத் திருகினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். சூடு ஏறவில்லை, கரும்புகை இல்லை. தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கிற முன் பில்டர் ரேக்கோர் 500இன் பில்டர் (2 மைக்ரோன்), எஞ்சினில் உள்ள பில்டர் இரண்டும் புதிசு. மெக்கானிக் இன்ஜெக்‌ஷன் பம்பை (டீசலை அமுக்கிச் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது) கழற்றவேணும் என்கிறார். கழற்ற முதல் என்ன பார்க்கலாம்?

சுக்கான்:
அந்தப் பம்பில் இப்ப கை வைக்க வேண்டாம். பழுதான இன்ஜெக்‌ஷன் பம்ப் பத்து நிமிடம் இளைப்பாறிச் சுகமாகிறதில்லை. வயரிங்கையும் விட்டுவிடுங்கோ. இந்த எஞ்சினை நிறுத்துகிறது இழுக்கிற கேபிள். ஓடத் தொடங்கினால் அதுக்கு மின்சாரமே தேவையில்லை.

நீங்கள் சொல்கிற அறிகுறி டீசல் வந்துசேராததுக்கு உரியது. நியூட்ரலில் எஞ்சின் குடிக்கிறது சொற்பம், அது எந்த அடைப்புக்குள்ளாலும் வந்துவிடும். 2600இல் லிஃப்ட் பம்ப் (தாங்கியில் இருந்து டீசலை இழுக்கிறது) பலமாக உறிஞ்ச, தாங்கியின் அடியில் கிடக்கிற கறுப்புச் சேறு உறிஞ்சுகுழாயின் வாயில் போய் ஒட்டும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் போய், சேறு கீழே விழும். உங்கடை பத்து நிமிடக் கணக்கு அதுதான்.

முதலில் செலவில்லாத சோதனை. எஞ்சின் தடுமாறத் தொடங்கினதும் டெக்கில் உள்ள டீசல் மூடியைத் திறவுங்கோ. உஸ்ஸென்று காற்று உள்ளே போய் எஞ்சின் தெளிந்தால் தாங்கியின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கு. வெளிவாயில் பூச்சி கூடு கட்டுகிறது சாதாரண விஷயம்.

அது இல்லையென்றால் ரேக்கோரின் மேல் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வக்கூம் கேஜ் (உறிஞ்சலை அளக்கிறது) பூட்டுங்கோ. புது பில்டரோடு 1 முதல் 3 அங்குலப் பாதரசம் காட்டவேணும். ஓட ஓட 8, 10 என்று ஏறினால் அடைப்பு கேஜுக்கு முன்னால்: தாங்கி, வால்வு, ஹோஸ், அல்லது ரேக்கோர் பில்டரே. முள் கீழேயே கிடக்க எஞ்சின் சாகுது என்றால் காற்று கசியுது, அல்லது பிழை லிஃப்ட் பம்பிலோ அதுக்குப் பின்னாலோ.

இது தீரும்வரை துறைமுக வாயில் நுழையும்போது பெரிய பாய் ஏறினபடி இருக்கட்டும். நங்கூரத்தைக் கட்டவிழ்த்துத் தயாராக வையுங்கோ.

சோளகம்:
சுக்கான் அண்ணை சொல்கிறதுதான் முதல் சந்தேகம். ஆனால் காற்றையும் லேசில் விடக்கூடாது. 1986ஆம் ஆண்டு ஹோஸ் இன்னும் இருந்தால் அது வெளியில் நல்லாய்த் தெரியும், உள்தோல் கழன்று உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். கிளிப் இருக்கிற இடங்களில் காற்றும் இழுக்கும். உறிஞ்சுகிற பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே வரும். ஈரத்தைத் தேடிப் பயனில்லை. ரேக்கோருக்கும் லிஃப்ட் பம்புக்கும் இடையில் ஒரு சாண் தெளிந்த ஹோஸ் போட்டுச் சோதனை நேரம் மட்டும் பாருங்கோ. குமிழி ஓடினால் தெரியும். நிரந்தரமாக அதை விடக்கூடாது, தீக்கு நிற்காது. புது ஹோஸ் ஐஎஸ்ஓ 7840 தரத்தில் 8 மி.மீ. போதும்.

இன்னொரு வழி: 10 லீட்டர் சுத்தமான கானில் புது டீசல் விட்டு, கானில் இருந்து நேரே லிஃப்ட் பம்புக்குக் குழாய் கொடுத்து, ஏரியில் அதே 2600இல் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கோ. இந்த எஞ்சின் 2 லீட்டருக்கு மேல் குடிக்காது. நின்றால் பிழை எஞ்சின் பக்கம், ஓடினால் தாங்கிப் பக்கம். கானைப் பம்பைவிடத் தாழ்வாகத் தரைப்பலகையில் வைத்துக் கட்டுங்கோ. உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, பலவீனமான பம்பையும் காற்றுக் கசிவையும் மறைத்துவிடும். பலர் கோட்டை விடுகிறது இதில்தான். இன்ஜெக்டர்களில் இருந்து திரும்புகிற குழாய் தாங்கிக்குப் போகிறதென்றால் அதையும் கானுக்குள் விடவேணும்.

கொண்டல்:
மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. கேஜ் பூட்டினேன். தொடக்கத்தில் 2. இருபது நிமிடத்தில் 11, அதோடு எஞ்சின் நின்றது. நின்ற கொஞ்ச நேரத்தில் முள் பழையபடி கீழே வந்துவிட்டது. கானில் ஒரு மணித்தியாலம் சோர்வில்லாமல் ஓடுது. கண்ணாடிக் கிண்ணத்தில் கறுப்புத் துணுக்கும் அடியில் கொஞ்சம் தண்ணீரும்.

சுக்கான்:
பிறகென்ன, தாங்கிதான். பில்டர் அடைபட்டிருந்தால் மறுபடி ஸ்டார்ட் பண்ணினதும் முள் உடனே மேலே நிற்கும். உங்களுக்கு 2இல் இருந்து திரும்ப ஏறுது.

உறிஞ்சுகுழாயை மேலே கழற்றி எடுங்கோ. அந்தக் காலத்துக் குழாய்களின் நுனியில் சின்ன வலைச் சல்லடை இருக்கும். அதை வெட்டி எறியுங்கோ. வடிகட்டுகிற வேலை ரேக்கோருடையது, அங்கே அடைத்தால் கையால் மாற்றலாம். நுனியை 45 பாகையில் சரித்து வெட்டி, அடியில் இருந்து 15 முதல் 25 மி.மீ. மேலே நிற்கிற மாதிரிப் பூட்டுங்கோ. பூட்டும்போது திரெட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், நூல்நூலாகக் கழன்று உள்ளே போகும். டீசலுக்கு உரிய பசை பூசுங்கோ.

குழாய்க்குள் காற்று ஊதித் துப்பரவாக்குகிறது கடலிலோ ஏரியிலோ நின்றுபோனால் வீடு வந்துசேர உதவும், அவ்வளவுதான். கைப்பம்பால், டீசல் மூடியைத் திறந்துவைத்து ஊதவேணும். கம்ப்ரெஸர் வேண்டவே வேண்டாம், இந்தத் தாங்கிகளைச் சோதிக்கிறதே 3 பிஎஸ்ஐயில்தான்.

சேற்றை எடுக்கத் தாங்கியில் கை போகிற துளை வேணும். உங்கடை தாங்கியில் இல்லையென்றால், டீசலை முழுக்க இறைத்துவிட்டு 150 மி.மீ. விட்டத்தில் வெட்டி, டீசலுக்குரிய ரப்பரோடு தட்டு பூட்டலாம். உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு துளை. ஒன்றை விட்டாலும் முதல் பெரிய அலையோடு அங்கிருக்கிறது இங்கே வரும். துடைத்த பிறகு அடித்தகட்டை டார்ச் வைத்துப் பாருங்கோ. தண்ணீர் தங்கின இடத்தில் அலுமினியம் புள்ளிபுள்ளியாக அரிக்கும். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் தாங்கியையே மாற்றுகிறது நல்லது.

நங்கூரி அக்கா:
கிருமிநாசினியைச் சேறு எடுக்க முதல் ஊற்றிவிடாதேங்கோ தம்பி. டீசலில் வளர்ந்த கிருமிப் படலமெல்லாம் செத்துக் கழன்று ஒரே நாளில் மூன்று பில்டரை அடைக்கும். துப்பரவு முடிந்து புது டீசல் விடும்போது, போத்தலில் போட்டிருக்கிற அளவில்.

ரேக்கோரில் 2 மைக்ரோன் எதுக்கு? முன் பில்டருக்கு நீல நிற 10 மைக்ரோன் போதும். நுண்ணிய வேலையை எஞ்சினில் உள்ளது பார்க்கும், அதின் இலக்கம் 104500-55710. தாங்கி துப்பரவாக்கின முதல் சில வாரத்துக்கு இரண்டிலும் உபரி கையில் இருக்கட்டும்.

சோளகம்:
நான் 2 மைக்ரோனையே வைப்பேன் அக்கா, கேஜ் இருக்கும்போது என்ன பயம்? சரி, அது முடியாத வழக்கு.

கொண்டல், பூட்டி முடிந்ததும் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேணும். ரேக்கோரை விளிம்பு வரை டீசலால் நிரப்புங்கோ. எஞ்சின் பில்டரின் மேல் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, லிஃப்ட் பம்பின் சின்ன நெம்பைக் கையால் அடியுங்கோ. குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கோ. நெம்பு தொளதொள என்று பாரமில்லாமல் ஆடினால் பம்ப் பழுதென்று நினைக்க வேண்டாம். எஞ்சினுக்குள் பம்பைத் தள்ளுகிற கேம் அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கு; எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடியுங்கோ. அடுத்தது இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஸ்குரூ, அதே மாதிரி. கடைசியாக இரண்டு இன்ஜெக்டர் நட்டையும் 17 ஸ்பனரால் அரைச்சுற்றுத் தளர்த்தி, த்ரொட்டிலை முழுக்கத் திறந்து, டீகம்ப்ரெஷன் நெம்புகளை (சிலிண்டர் அமுக்கத்தை விடுகிறது) தூக்கி, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுழற்றுங்கோ. டீசல் விட்டுவிட்டுத் துடித்து வந்தால் இறுக்கலாம். கை, முகம் கிட்ட வேண்டாம், அந்த அமுக்கம் தோலைத் துளைக்கும். கழற்றின இடமெல்லாம் செப்பு வாஷர் புதிசு போடுங்கோ.

சுழற்றும்போது கடல்நீர் வால்வு (எஞ்சினைக் குளிராக்க வெளித்தண்ணீர் எடுக்கிறது) மூடியிருக்கவேணும். எஞ்சின் ஓடாமல் தண்ணீர்ப் பம்ப் மட்டும் தண்ணீர் தள்ளினால் சைலன்சர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறும், பிறகு உண்மையாகவே பெரிய வேலைதான். ஸ்டார்ட் வந்த கையோடு வால்வைத் திறவுங்கோ. நேரம் போனால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். ஆகவே இன்னொரு ஆளை வால்வுக்குப் பக்கத்தில் இருத்துங்கோ.

டிப்ஸ்டிக்கையும் ஒருக்கால் பாருங்கோ. ஒயில் மட்டம் கூடி டீசல் மணம் அடித்தால் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் கிழிந்து உள்ளே விடுகுது. பம்பையும் ஒயிலையும் மாற்றாமல் ஓட்டாதேங்கோ.