பெக் (பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பாலிமர்) சேர்த்தால் மட்டும் துளி வருகிறது. இதை செல் நெரிசல் (செல்லுக்குள் பெரிய மூலக்கூறுகள் அடைந்து கிடப்பதன் விளைவு) என்று எழுதலாமா?

துளிவேட்டை:
ஒழுங்கற்ற பகுதி (நிலையான வடிவம் இல்லாத பகுதி) நீளமாக உள்ள ஒரு ஆர்என்ஏ பிணைப்புப் புரதம் எங்களுடையது. 5 மைக்ரோமோலாரில் வெறும் பஃபரில் கரைசல் தெளிவாகவே இருக்கிறது. பெக் 8000ஐ 10% சேர்த்ததும் கலங்கிவிடுகிறது, மைக்ரோஸ்கோப்பில் உருண்டைத் துளிகள், இரண்டு தொட்டால் ஒன்றாகிவிடுகின்றன. செல்லுக்குள்ளும் நெரிசல்தானே, அதனால் இது செல்லிலும் இயல்பாக நடக்கும் ஃபேஸ் செபரேஷன் (புரதம் கரைசலிலிருந்து தனித் துளியாகப் பிரிவது) என்று எழுதிவிடலாமா?

கரைசல்காரன்:
அவசரப்படாதீர்கள். நெரிசலின் தத்துவம் எளிது: ஒவ்வொரு புரதத்தைச் சுற்றியும் பெரிய மூலக்கூறுகளின் மையம் நுழைய முடியாத ஓர் ஓரம் இருக்கும், இரண்டு புரதங்கள் நெருங்கினால் அந்த ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மற்றவற்றுக்கு இடம் கூடும், என்ட்ரோபியும் கூடும். ஒட்டும் தன்மையே இல்லாமல் வரும் இந்த ஈர்ப்பை அசகுராவும் ஊசாவாவும் 1954லேயே சொல்லிவிட்டார்கள். துளி உருவாகத் தேவையான செறிவு குறைவது இதனால்தான். ஆனால் பெக் இதை மட்டுமா செய்கிறது? நீரை இழுத்துக்கொள்ளும், நீர்வெறுக்கும் பகுதிகளில் ஒட்டும். படிகம் வளர்ப்பவர்கள் புரதத்தை வெளியே தள்ளவே அதைப் போடுகிறார்கள். ஃபிகால் 70, டெக்ஸ்ட்ரான் (இரண்டும் சர்க்கரைப் பாலிமர்கள்), பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) எல்லாவற்றையும் அதே எடையில் போட்டுப் பாருங்கள். பெக்கில் மட்டும் துளி வந்தால் நெரிசல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். ஒளிரும் பெக் கிடைத்தால், அது துளிக்கு உள்ளே போகிறதா வெளியே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ரைபோசோம்:
மேலே சொன்னதோடு இன்னொன்று. ஈ.கோலை பாக்டீரியாவின் சைட்டோபிளாசத்தில் பெருமூலக்கூறுகள் 300–400 மி.கி./மி.லி. இருக்கும், ஆனால் அவை மந்தமான பாலிமர் இல்லை, மின்சுமை உள்ளவை, நெரிசலில் பெரும் பங்கு ரைபோசோமுடையது (புரதம் தயாரிக்கும் துகள்). 2018ல் ஈஸ்ட், மனித செல்களில் நடந்த ஆய்வில் ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்து, செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார்சி1 புரதக் கூட்டை அடக்கியதும் ரைபோசோம் குறைந்தது, செல்லுக்குள் விட்ட 40 நானோமீட்டர் துகள்கள் வேகமாக நகர்ந்தன, செயற்கைக் கண்டென்சேட் (புரதத் துளி) உருவாவதும் குறைந்தது. எனக்கு பெக் சேர்த்த சோதனைக் குழாயைவிட இதுதான் சாட்சி.
உங்கள் செல்லில் சார்பிட்டால் (நீரை வெளியே இழுக்கும் சர்க்கரை ஆல்கஹால்) ஊற்றிச் சுருக்கிப் பாருங்கள், டபிள்யூஎன்கே1 என்ற கைனேஸ் புரதம் துளி கட்டுவது இப்படித்தான். சுருங்கும்போது அயனிச் செறிவும் புரதச் செறிவும் சேர்ந்தே ஏறும் என்பதால் நெரிசலை மட்டும் பிரித்தெடுப்பது கஷ்டம்.

துளிவேட்டை:
சரி, பிஎஸ்ஏ கையில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். துளி வராவிட்டால் 5 மைக்ரோமோலாரை ஏற்றலாமா?

கரைசல்காரன்:
முதலில் செல்லில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள், அப்புறம் ஏற்றலாம்.