பூட் ஆகுறப்போ மட்டும் மக்கர் பண்ண ஸ்கிரிப்ட், உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எங்க ஆபீஸ்ல ஃபைல் ஷேரிங்குக்குன்னு ஒரு ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) சர்வர் இருக்கு, வருஷக்கணக்கா ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல. போன மாசம் ஹோஸ்ட்நேம் (சர்வரோட பேரு) மாத்தணும்னு, பூட் ஆகுறப்போ சிஸ்டம் படிக்கிற ஆர்சி டாட் கான்ஃப் ஃபைல தொறந்து மாத்திட்டு ரீபூட் குடுத்தேன், பிங் போட்டு பாக்குறேன் பாக்குறேன், பத்து நிமிஷமாச்சு வரவே இல்ல. சர்வர் ரூமுக்கு ஓடி மானிட்டர மாட்டுனா பாதியில நின்னுக்கிட்டு எந்த ஷெல் (நம்ம கமாண்ட வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்) வேணும்னு கேக்குது, மேல "அன்டெர்மினேட்டட் கோட்டட் ஸ்ட்ரிங்"னு எர்ரர், அதாவது தொறந்த கோட்ஸ் மூடலன்னு. அது காட்டுன லைன் நம்பர் ஐபி அட்ரஸ் லைன். நாலு தடவ எழுத்து எழுத்தா படிச்சேன், ஒரு தப்பும் இல்ல! அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுக்கு மேல இருக்க ஹோஸ்ட்நேம் லைன்ல கடைசி கோட்ஸ விட்டுட்டேன், ஷெல்லு என்ன பண்ணிருக்குன்னா அடுத்த லைன்ல தொறக்குற கோட்ஸ மூடுற கோட்ஸா எடுத்துக்கிச்சு, அங்கேருந்து எல்லாமே தலைகீழ். பாக்க செட்டிங்ஸ் ஃபைல் மாதிரி இருந்தாலும் அது ஷெல் ஸ்கிரிப்ட்தாங்க, ஒரு கோட்ஸ் போனா பூட்டே நின்னுடும்.

சரி திருத்தலாம்னா விஐ எடிட்டரே கிடைக்கல. அது இருக்க யூஎஸ்ஆர் ஃபோல்டர் எங்ககிட்ட தனி பார்ட்டிஷன் (டிஸ்க்ல தனியா பிரிச்ச பகுதி), இன்னும் மவுன்ட் ஆகல, அதாவது சிஸ்டத்தோட சேரல, மெயின் பார்ட்டிஷனான ரூட்டும் ரீட் ஒன்லி. என்டர் தட்டி உள்ள போய், மவுன்ட் கமாண்டுக்கு மைனஸ் யூஆர்டபிள்யூ போட்டு ரூட்ட எழுதுற மாதிரி மாத்தி, அப்புறம் மிச்ச பார்ட்டிஷனயும் சேர்க்க மவுன்ட் மைனஸ் ஏ குடுத்தப்புறம்தான் ஃபைல தொட முடிஞ்சுது. இப்பல்லாம் அந்த ஃபைல மாத்துறதுக்குன்னே இருக்க சிஸ்ஆர்சி கமாண்ட்லதான் மாத்துறேன். கையால எடிட் பண்ணுனா கண்டிப்பா ரீபூட்டுக்கு முன்னாடி எஸ்ஹெச் மைனஸ் என் போட்டு அந்த ஃபைல செக் பண்ணிடுவேன், ஓட்டிப் பாக்காம சின்டாக்ஸ் மட்டும் பாத்து சொல்லிடும்.

பதில்:
அண்ணே எனக்கு டெபியன் லினக்ஸ்ல நடந்துச்சு. பழைய சர்வர்ல ஓடிக்கிட்டிருந்த ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட அப்படியே புது சர்வருக்கு தூக்கிட்டு போனேன், பூட்ல சர்வீஸ் ஏறல, ஆனா டெர்மினல்ல பாஷ்ங்கிற ஷெல்ல போட்டு ஓட்டுனா ஜம்முனு ஓடுது. ஒரு நாள் முழுக்க பெர்மிஷன்லயே தேடிக்கிட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா முதல் லைன்ல எஸ்ஹெச்ங்கிற ஷெல்ல வச்சு ஓட்டுன்னு இருக்கு, உள்ள இஃப் கண்டிஷன்ல பாஷ் பாணி டபுள் ஸ்கொயர் பிராக்கெட். டெபியன்ல 2011ல வந்த ஸ்குவீஸ் வெர்ஷன்லேருந்து எஸ்ஹெச்னா டாஷ்ங்கிற வேற ஷெல், உபுன்டுல 2006லயே 6.10ல மாத்திட்டாங்க, டாஷுக்கு அந்த பிராக்கெட் தெரியாது. செக்பாஷிசம்ஸ்னு ஒரு டூல் இருக்கு, பாஷ் பாணி எந்த லைன்ல இருக்குன்னு காட்டிக்குடுத்துடும்.

பதில்:
ஃப்ரீபிஎஸ்டி வச்சிருக்கவங்க இன்னொன்னும் பாத்துக்கோங்க. பூட் ஆகுறப்போ பாத்ல (கமாண்ட தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) யூஎஸ்ஆர் லோக்கல் கிடையாது, நாம போர்ட்ஸ்ல (எக்ஸ்ட்ரா சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற வழி) போடுறதெல்லாம் அங்கதான் போய் உக்காருது. எங்க பேக்கப் ஸ்கிரிப்ட், ஃபைல காப்பி பண்ற ஆர்சிங்க் கமாண்ட் கிடைக்கலன்னு மூணு வாரம் ஓடாமலே கெடந்துச்சு, ஒருத்தர் டெலிட் ஆன ஃபைல் கேட்டப்பதான் தெரிஞ்சுது, இன்னும் மனசு ஆறல. ஸ்கிரிப்ட நேரா கூப்பிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, நம்ம லாகின் பாத்த வச்சு ஓடிடும். சர்வீஸ் கமாண்ட் வழியா ஸ்டார்ட் குடுங்க, அது பூட்ல இருக்க அதே சின்ன பாத்த வச்சுத்தான் ஓட்டும், தப்பு அங்கயே மாட்டிக்கும்.