மாதம் 12,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க்: சுங்குடிக் கடைக்கு வாங்கலாமா?

விளக்குத்தூண்_சுங்குடி:
வணக்கம். விளக்குத்தூண் பக்கம் அப்பா முப்பத்தைந்து வருடமாகச் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறார். ஆன்லைன் விற்பனையை நான் பார்த்துக்கொள்கிறேன். ‘மதுரை சுங்குடி சேலை’ என்று கூகுளில் தேடினால் எங்கள் தளம் மூன்றாம் பக்கத்தில் வருகிறது. போன வாரம் ஓர் ஏஜென்சிக்காரர் கடைக்கே வந்தார். மாதம் 12,000 ரூபாய், 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு), மூன்று மாதத்தில் முதல் பக்கம் என்கிறார். எல்லாம் டொமைன் அத்தாரிட்டி 50க்கு மேல் உள்ள தளங்களாம். எக்செல் பட்டியலும் காட்டினார். அப்பா என்னைப் பார்த்து “நம்பலாமாம்மா?” என்று கேட்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் முடிவு சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல்_எஸ்இஓ:
எஸ்இஓ, அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் தொழிலில் எட்டு வருடமாக இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். வாங்குங்கள் தங்கச்சி, ஆனால் 500 வேண்டாம். மாதம் ஐந்தோ பத்தோ, ஆள் நடமாட்டம் உள்ள தளங்களில் வாங்குங்கள். கூகுள் பிறந்ததே லிங்க்கை வைத்துத்தான். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய கட்டுரையின் அடிப்படை அதுதான்: ஓர் ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள், காட்டுபவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்ப்பது போல, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது. இன்று வேறு நூறு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்கிறது, சரி. ஆனாலும் போட்டி உள்ள வார்த்தைக்கு லிங்க் இல்லாமல் மேலே வந்த தளத்தை நான் பார்த்ததில்லை.

வாடிப்பட்டிச்_செக்கு:
வாங்காதீர்கள். 12,000 ரூபாய் போனால் போகட்டும், தளமே போய்விடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். செக்கு எண்ணெய் விற்கிறோம். 2021இல் இதே மாதிரி ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டாவது மாதம் ரேங்க் ஏறியது, உண்மை. ஆர்டரும் வந்தது. ஆறாவது மாதம், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ஒரு செய்தி: உங்கள் தளத்துக்கு இயற்கைக்கு மாறான லிங்குகள் வருகின்றன, மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஆளே பார்த்துத் தரும் தண்டனை) எடுத்திருக்கிறோம். அடுத்த நாள் எங்கள் கடைப் பெயரைத் தேடினால்கூட எங்கள் தளம் வரவில்லை. போட்டவருக்கு போன் அடித்தால் எடுக்கவில்லை.

பிறகு நானே ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தேன். ஒன்று சூதாட்டம். ஒன்றில் போர்ச்சுகீசியத்தில் என்னவோ எழுதி, நடுவில் ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ என்று எங்கள் லிங்க். எடுத்துவிடுங்கள் என்று மெயில் எழுதினால், எடுப்பதற்கும் காசு கேட்டார்கள். எடுக்க முடியாததை எல்லாம், இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லும் டிஸ்அவோ பட்டியலில் போட்டு கூகுளுக்கு ஏற்றினேன். முதல் மறுபரிசீலனை விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது முறைதான் ஏற்றார்கள். நான்கு மாதம் போனது. அந்த வருடத் தீபாவளி வியாபாரம் அதற்குள் முடிந்துவிட்டது.

சிம்மக்கல்_எஸ்இஓ:
அண்ணே, உங்களுக்கு நடந்தது வருத்தமான விஷயம்தான். ஆனால் அவர் உங்களுக்குப் போட்டது குப்பை. அதை வைத்து எல்லா லிங்க்கும் விஷம் என்று சொல்லக் கூடாது. 2012 ஏப்ரலில், லிங்க் மோசடியைப் பிடிக்கும் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தபோது கெட்ட லிங்க் இருந்தால் தளத்தையே கீழே தள்ளினார்கள். 2016 செப்டம்பரில் பெங்குவின் 4.0 வந்த பிறகு அப்படி இல்லை. பெரும்பாலும் அந்த லிங்க்கை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆள் உட்கார்ந்து தண்டிப்பது தனி. சின்னக் கடைக்கு அது அரிது.

வாடிப்பட்டிச்_செக்கு:
சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன் தம்பி. கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்றால், மாதம் 12,000 எதற்கு? வருடத்துக்கு 1,44,000. சுங்குடி முடிச்சுப் போடும் பெண்களுக்கு அது எத்தனை நாள் கூலி என்று அந்தத் தங்கச்சிக்குத் தெரியும். கண்டுபிடிக்காவிட்டால் லாபம், கண்டுபிடித்தால் காசு தண்டம், மோசமாகப் போனால் தளமே தண்டம். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி எவ்வளவு பெரிய கடை. காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளோடு 2011இல் நியூயார்க் டைம்ஸிடம் மாட்டியது. கூகுள் அவர்களையே கீழே இறக்கியது. அந்த அடியை அவர்கள் தாங்குவார்கள். விளக்குத்தூண் கடை தாங்குமா?

பசுமலை_நிரலர்:
நான் வெப்சைட் கட்டுகிறவன், எஸ்இஓ ஆள் இல்லை. அந்த எக்செல் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டொமைன் அத்தாரிட்டி கூகுளுடைய எண்ணே இல்லை. ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரும் என்று மாஸ் என்ற நிறுவனம் தன் கணிப்பாகக் கொடுக்கும் எண். அதை ஏற்றிக் காட்டவே தனியாக ஆள் இருக்கிறார்கள். பட்டியலில் ஐந்து தளங்களைத் திறந்து பாருங்கள். ஒரே பக்கத்தில் கடன், ஜோதிடம், பல் வைத்தியம், சேலை எல்லாம் இருந்தால் அது லிங்க் விற்கும் பண்ணை. அப்புறம், லிங்க்கில் என்ன வார்த்தை போடுவார்கள் என்று கேளுங்கள். 500இலும் ‘மதுரை சுங்குடி சேலை’ என்றே இருந்தால் கண் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். மனிதர்கள் தானாக லிங்க் கொடுக்கும்போது கடைப் பெயரைப் போடுவார்கள், ‘இங்கே’ என்பார்கள், இல்லாவிட்டால் முகவரியை அப்படியே ஒட்டுவார்கள்.

இன்னொன்று. சர்ச் கன்சோலில் ‘லிங்க்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. முப்பத்தைந்து வருடக் கடைக்கு இதுவரை யாருமே லிங்க் கொடுக்கவில்லை என்றால் நம்ப முடியவில்லை. வாங்குவதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள்.

விளக்குத்தூண்_சுங்குடி:
எல்லாருக்கும் நன்றி. சர்ச் கன்சோலை இன்று இரவு பார்க்கிறேன். ஒரு சந்தேகம். லிங்க் வாங்குவது தவறு என்றால், சேலை பற்றி எழுதும் பெண்களுக்கு ஒரு சேலை இலவசமாக அனுப்பி எழுதச் சொல்லலாமா? தோழி ஒருத்தி அப்படித்தான் செய்கிறாள்.

வாடிப்பட்டிச்_செக்கு:
அதுவும் அதே கணக்குதான் அம்மா. லிங்க்குக்குப் பதிலாகப் பொருள் கொடுப்பதையும் கூகுள் விதியில் லிங்க் ஸ்பாம் என்றே எழுதியிருக்கிறார்கள். அனுப்பலாம், எழுதட்டும். ஆனால் அந்த லிங்க்கின் நிரலில் ‘ஸ்பான்சர்டு’ (விளம்பர லிங்க்) குறியோ ‘நோஃபாலோ’ (இதை என் பரிந்துரையாக எடுக்காதே) குறியோ இருக்க வேண்டும். நோஃபாலோ 2005இல் வந்தது, ஸ்பான்சர்டு 2019இல். குறி போட்டால் ரேங்க்குக்கு உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. படித்துவிட்டு வாங்க வருபவர்கள் வருவார்கள். அது விளம்பரம், அதில் தவறு இல்லை.

சிம்மக்கல்_எஸ்இஓ:
இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, அண்ணே. காசு கொடுக்கக் கூடாது, பொருள் கொடுக்கக் கூடாது, நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுகிறேன் என்று அதிகமாகச் செய்யக் கூடாது. அப்படியானால் சின்னக் கடைக்காரன் என்னதான் செய்வான்? பெரிய ஆன்லைன் கடைகளைப் பற்றிப் பத்திரிகைகள் தினமும் தானாக எழுதுகின்றன. ‘சுங்குடி’ என்று தேடினால் முதல் பக்கம் முழுக்க அவர்கள்தான். அவர்கள் விற்பதில் பாதி பிரிண்ட் போட்டது. கையால் முடிச்சுப் போட்டு விற்கும் கடை மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. ஏற்கனவே மேலே இருப்பவனை மேலேயே வைக்கும் விதி இது. இதில் கடைக்காரனை மட்டும் நேர்மையாக இரு என்று சொல்ல என் மனது ஒப்பவில்லை. என்னிடம் வருபவர்கள் வாடகை கட்ட வேண்டியவர்கள்.

வாடிப்பட்டிச்_செக்கு:
நீங்கள் சொல்லும் அநியாயம் இருக்கிறது, தம்பி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியவனோடு அவன் பலத்திலேயே மோதச் சொல்கிறீர்கள். காசுதான் அவன் பலம். நீங்கள் பத்து லிங்க் வாங்கினால் அவன் பத்தாயிரம் வாங்குவான்.

நான் திரும்பி எழுந்தது வேறு வழியில். முதலில் மேப்ஸ். ‘பக்கத்தில் செக்கு எண்ணெய்’ என்று தேடுபவருக்கு, தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை என்று பார்த்துத்தான் காட்டுகிறார்கள். அங்கே வாடிப்பட்டியில் இருக்கும் என்னை மும்பைக்காரன் தள்ள முடியாது. கோயிலுக்கு வந்து டவுன்ஹால் ரோட்டு லாட்ஜில் தங்குபவர் ‘சுங்குடிச் சேலை எங்கே வாங்கலாம்’ என்று போனில் தேடுகிறார் இல்லையா, அவர் இந்தத் தங்கச்சியின் ஆள்.

அப்புறம், எள்ளை ஆட்டுவது எப்படி, கருப்பட்டி எப்போது சேர்ப்பது, பிண்ணாக்கு எங்கே போகிறது என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதினேன். உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டில் சேர்த்தார்கள். ஒரு கல்லூரித் தளத்திலிருந்து லிங்க் வந்தது. நான் கேட்கவே இல்லை. இரண்டு வருடத்தில் மொத்தம் பதினொரு லிங்க். அந்தப் பதினொன்று என்னைத் தாங்குகிறது.

சிம்மக்கல்_எஸ்இஓ:
இரண்டு வருடம். திருவிழா அடுத்த மாதம்.

வாடிப்பட்டிச்_செக்கு:
வாங்கின லிங்க்கும் அடுத்த மாதம் வேலை செய்யாது. அவரே மூன்று மாதம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பசுமலை_நிரலர்:
அந்த லாட்ஜ் யோசனை நல்லது. லாட்ஜ் தளத்தில் ‘பக்கத்தில் என்ன வாங்கலாம்’ என்று ஒரு பக்கம் இருந்து, அங்கே தங்குபவருக்குப் பயன்படும்படி உங்கள் கடையைக் குறிப்பிட்டால் அது உண்மையான லிங்க். லிங்க் மாற்றிக்கொள்வதற்காகவே பக்கம் கட்டினால்தான் தொல்லை.

விளக்குத்தூண்_சுங்குடி:
பார்த்துவிட்டேன். எனக்குக் கை நடுங்கியது, அதனால் இரவே எழுதுகிறேன்.

பதினான்கு தளங்கள் எங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன. அதில் ஆறு ஒரே பக்கத்துக்கு வருகின்றன. 2017இல் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய பக்கம் அது. கைமுடிச்சுச் சுங்குடியையும் மெழுகு அச்சுச் சுங்குடியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று. துணியைக் கிள்ளி நூல் சுற்றிச் சாயத்தில் நனைத்துப் பிரித்தால் புள்ளி ஓரத்தில் சுருக்கம் நிற்கும், தொட்டால் தெரியும். மதுரை சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு வாங்கியதையும் எழுதியிருந்தோம். நிலையூர் கைத்தறி நகரில் முடிச்சுப் போடும் ஒரு பாட்டியின் கைகளை ஏழு படம் எடுத்துப் போட்டிருந்தேன். போன வருடம் தளத்தைப் புதிதாகக் கட்டியபோது, விற்பனைக்கு உதவாது என்று அதை நீக்கிவிட்டார்கள். இப்போது அந்த முகவரிக்குப் போனால் ‘பக்கம் இல்லை’ என்று 404 வருகிறது. ஒரு ஜவுளி மாணவி, இரண்டு பயணம் எழுதுபவர்கள், எல்லாரும் அனுப்பும் ஆட்கள் வெறும் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.

சிம்மக்கல்_எஸ்இஓ:
தங்கச்சி, வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பக்கத்தைப் பழைய முகவரியிலேயே, ஓர் எழுத்து மாறாமல், திரும்பப் போடுங்கள். பழைய முகவரிக்கு வருபவரை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட 301 ரீடைரக்ட் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சம்பந்தம் இல்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதையும் 404 மாதிரியே எடுத்துக்கொள்ளும். திரும்ப வந்ததும் அங்கிருந்து கைமுடிச்சுச் சேலை விற்கும் பக்கத்துக்கு உள்ளேயே ஒரு லிங்க் கொடுங்கள். இந்த ஆறும் எங்கள் சந்தையில் வாங்க முடியாத லிங்க். காசுக்கு வாங்குவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் உங்களுக்கு இப்போது அது தேவை இல்லை.

வாடிப்பட்டிச்_செக்கு:
நன்றாகச் சொன்னீர்கள் தம்பி.

விளக்குத்தூண்_சுங்குடி:
ஏஜென்சிக்காரரிடம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பக்கத்தை அதே முகவரியில் நேற்று ஏற்றினேன். பழைய பென்டிரைவில் ஏழு படங்களில் ஐந்துதான் கிடைத்தன. மீதி இரண்டையும் எடுக்க ஞாயிற்றுக்கிழமை நிலையூருக்குப் போகிறேன். பாட்டி இன்னும் முடிச்சுப் போடுகிறாராம்.