மூளை ஸ்கேன் நார்மல். அண்ணன் மட்டும் பழையபடி இல்லை

மேலூர்த் தம்பி:
அண்ணன் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம். தீபாவளியிலிருந்து கடைக்குப் போவதில்லை. விடிய மூன்று மணிக்கே விழித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மொட்டை விரலால் அமுக்கியே எந்தப் பக்கத்து மல்லி என்று சொல்கிற மனுஷன். நேற்று கூட்டாளி ஒரு பை மொட்டைக் கொண்டுவந்து நீட்டினார், வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். தலைபாரம் என்றதால் எம்ஆர்ஐ எடுத்தோம். நார்மல். "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சுல்ல, எந்திரிச்சுக் கடைக்குப் போடா" என்கிறார் அப்பா. மனச்சோர்வு மூளைப் படத்தில் தெரியும் என்று படித்தேனே, வேறு ஸ்கேன் எடுக்கணுமா?

ஸ்கேன் அறைக்காரர்:
தம்பி, மதுரையில் எம்ஆர்ஐ எடுப்பதுதான் என் வேலை. இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதம் இல்லை என்பதை மட்டும்தான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. மனச்சோர்வைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

நீங்கள் படித்தது எஃப்எம்ஆர்ஐ ஆய்வாக இருக்கும். மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அங்கே ஆக்சிஜன் அளவு மாறுவதைப் படமாக்குவார்கள். பரிசு கிடைக்கிற விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தால், மனச்சோர்வு உள்ளவர்களிடம், பரிசுக்கும் நாட்டத்துக்கும் வேலை செய்கிற ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதி சராசரியாகக் குறைவாகத்தான் துலங்குகிறது. பூவைக் கண்டும் அண்ணன் திரும்பிக்கொண்டதற்கு இதுபோல ஏதாவது பின்னால் இருக்கலாம். வீம்பு இல்லை தம்பி, சோம்பேறித்தனமும் இல்லை.

ஆனால் சராசரியை வைத்து ஒரு ஆளைச் சொல்ல முடியாது. 2022-ல் வந்த ஜெர்மன் ஆய்வில் 1,700 பேருக்கு மேல் ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொரு வகைப் படத்தையும் தனித்தனியாக வைத்து, யாருக்கு மனச்சோர்வு, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்த்தால் 54 முதல் 56 சதவீதம்தான் சரியாக வந்தது. காசைச் சுண்டினாலே 50 வரும்.

வார்டு அக்கா:
சரி, அப்புறம் என்ன செய்வது என்றால், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தூக்கம், பசி, நாட்டம் எல்லாம் பேசிக் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்வார். தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள். அவை குறைந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்து போவதுண்டு. சாகணும் என்ற நினைப்பு வருதா என்று அண்ணனிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியாக விடாமல் அப்போதே கூட்டிப் போங்கள். ராத்திரியானாலும் 14416-ல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், இலவசம்.

மேலூர்த் தம்பி:
கேட்டேன் அக்கா. அந்த நினைப்பு இல்லை என்றார், ஆனால் ரொம்ப நேரம் அழுதார். ஸ்கேன் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக்கு அவரும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.