காலி மனையில் வீடு: சொந்தமாக விற்கலாமா, வாடகைக்கு விடலாமா?

மண்வெட்டி: நகருக்குள் சும்மா கிடக்கும் மனைகளில் சிறு வீடுகள் கட்டி, வருமானம் குறைந்தவர்களுக்குச் சொந்தமாகவே விற்க வேண்டும். சாலையும் குடிநீரும் சாக்கடையும் ஏற்கெனவே வாசலில் இருக்கின்றன.

தூக்குக்குண்டு: வாசலில் குழாய் இருந்தால் மட்டும் வீடு மலிந்துவிடாது. பழைய கட்டடத்தை இடித்தவர்கள் பல இடங்களில் இடிபாட்டை அங்கேயே புதைத்து மேலே மண் மூடிவிடுகிறார்கள். அஸ்திவாரம் பாதி அதன் மேலும் பாதி கெட்டித் தரையிலும் உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். ஆகவே மனைக்கு மூன்று இடத்திலாவது கெட்டித் தரை தெரியும்வரை குழி தோண்டிப் பார்க்காமல் எஸ்டிமேட் போடக் கூடாது. இடிபாட்டை அள்ளி, நல்ல மண்ணை 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, அளவாக நீர் தெளித்து, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். பழைய பெயின்ட் உதிர்ந்த மண்ணில் ஈயமும் இருக்கலாம். இவ்வளவு செலவையும் ஒரே வீட்டின் தலையில் ஏற்றினால் ஏழைக்கு எட்டுமா? பெரிய மனை ஒன்றில் வாடகைக் குடியிருப்பு கட்டுவதே மேல்.

மண்வெட்டி: குழி விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஒற்றை மனையாக எடுப்பதுதான் தப்பு. நடந்துபோகும் தூரத்தில் பத்து மனை சேர்ந்தால் ஒரே கொத்தனார் குழுவும் ஒரே சென்ட்ரிங் பலகைகளும் சுற்றி வரும். பக்கத்துப் பக்கத்து மனை என்றால் நடுச்சுவர் ஒன்றே போதும். அதன் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் வரிபாக்கி, இறந்தவர் பெயரில் கிடக்கும் மனை, கையெழுத்துப் போடாத வாரிசு, இந்த வில்லங்கமெல்லாம் தீரும்வரை ஒரு செங்கல்கூட இறக்க வேண்டாம்.

கணக்கன்: முதலில் வாங்கியவர் சந்தை விலைக்கு விற்றுவிட்டால், வீட்டு விலையைக் குறைக்கக் கொடுத்த மானியம் ஒரே கையோடு போய்விடும். அமெரிக்காவின் பர்லிங்டனில் 1984-இல் தொடங்கிய நில அறக்கட்டளை நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைக் குத்தகைக்கு விட்டு, வீட்டை மட்டும் விற்கிறது. விற்கும்போது மதிப்பு உயர்வில் 25 சதவீதம் உரிமையாளருக்கு. 100 பெறும் வீட்டை 60-க்கு வாங்கினார், மதிப்பு 140 ஆனது என்றால், உயர்வு 40, அவர் பங்கு 10. அடுத்தவருக்கு விலை 70.

தூக்குக்குண்டு: 140 பெறும் வீட்டுக்கு 70 மட்டும் தருவதைச் சொந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குத்தகை நிலத்துக்கு வங்கியும் தயங்கும்.

கணக்கன்: வாடகையில் அந்த 10-ம் கிடையாது. தவணை தவறினால் வங்கி முதலில் அறக்கட்டளைக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க அதற்கு அவகாசம் வேண்டும், அதுவும் முடியாவிட்டால் விலைக் கட்டுப்பாடின்றி வங்கி விற்கலாம். இந்த மூன்றும் குத்தகைப் பத்திரத்தில் இருந்தால் கடன் கிடைக்க வழி உண்டு.